மாரியிலும் கோடையிலும் ஓயாத காய்ச்சல்: கைக்குழந்தைகள் பற்றிய வாசகர் கேள்விகள்

மாரி மழை தொடங்கியதிலிருந்து திருகோணமலை மாவட்டத்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பகுதி, ஒரு வயதும் நிரம்பாத பிள்ளைகளின் காய்ச்சல், தடிமன், வயிற்றோட்டம் பற்றியவையாக இருக்கின்றன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

உப்புவெளியிலிருந்து ஒரு தாய்: எங்கள் முதல் பிள்ளைக்கு இப்போது 8 மாதம். மாரி தொடங்கிய பிறகு மூன்றாவது தடவையாகத் தடிமனும் காய்ச்சலும் வந்திருக்கின்றன. அதற்கு முன்னர், கச்சான் காற்று வீசிய காலத்திலும் வாய்ப்புண்ணோடு ஒரு காய்ச்சல் வந்துபோனது. லண்டனில் இருக்கும் என் அக்காவின் மகளுக்குக் குளிர்காலத்தில் மட்டும்தான் சளி பிடிக்கிறதாம். எங்கள் பிள்ளைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைவா? இரத்தம் சோதிக்க வேண்டுமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் பிள்ளைக்கு நடப்பது இந்த வயதுக்கு இயல்பானதே. வாழ்க்கையின் முதல் சில ஆண்டுகளில் ஒரு பிள்ளைக்கு ஆண்டொன்றுக்கு 6 முதல் 8 தடவை வரை வைரஸால் தடிமன் பிடிப்பது எந்த நாட்டிலும் வழமை. பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் விடப்படும் பிள்ளைகளிலும், பள்ளிக்கூடம் போகும் அண்ணனோ அக்காவோ உள்ள வீடுகளிலும் அது 10, 12 என்று ஏறும். ஒரு தடிமன் முற்றாக விட்டுப்போவதற்கு 10 நாள் முதல் இரண்டு கிழமை வரை செல்லும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், நல்ல சுகத்தோடு வளரும் பிள்ளைகூட ஆண்டில் ஏறத்தாழ மூன்று மாதம் மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். இந்தக் கணக்கு முன்கூட்டியே சொல்லப்படாததால்தான், முதல் பிள்ளையைப் பெற்ற தாய்மார் பலர் தங்கள் வளர்ப்பில் ஏதோ குறை இருப்பதாக எண்ணி வருந்துகிறார்கள். உங்கள் வளர்ப்பில் குறை எதுவும் இல்லை.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் இரத்தத்திலிருந்து பிள்ளைக்குக் கிடைக்கும் எதிர்ப்புப் பொருட்கள், பிறந்த பின்னர் சிறிது சிறிதாகக் குறைந்து, ஆறு மாதமளவில் பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றன. பிள்ளை தன் சொந்தப் பாதுகாப்பை உண்டாக்கிக்கொள்ள வேண்டிய காலம் அப்போதுதான் தொடங்குகிறது. தவழ்ந்து, கண்டதையெல்லாம் வாயில் வைத்து, வீட்டுக்கு வருவோர் போவோர் எல்லோருடைய மடியிலும் இருந்து பார்க்கும் வயதும் அதுவே. தடிமனைத் தரும் ரைனோ வைரஸில் மட்டும் 160க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒரு வகைக்கு எதிராகப் பெற்ற பாதுகாப்பு இன்னொரு வகைக்குப் பெரிதாக உதவாது என்பதால், போன கிழமை வந்த தடிமன் இந்தக் கிழமை வருவதைத் தடுப்பதில்லை.

உங்கள் அக்காவின் பிள்ளையோடு ஒப்பிடும்போது காலநிலையை மறந்துவிடக் கூடாது. குளிர் நாடுகளில் இன்புளுவென்சா, மூச்சுச் சிறுகுழாய்களைத் தாக்கும் ஆர்.எஸ்.வி., வயிற்றோட்டம் தரும் ரோட்டா ஆகிய மூன்று வைரஸ்களும் பெரும்பாலும் குளிர்காலத்தில் ஒன்றாக வந்து, வெயில் ஏறியதும் அடங்கிவிடும். வாய்ப்புண்ணையும், கை கால் வாய் நோயையும் தரும் என்டெரோ வைரஸ்கள் அங்கே கோடையிலும் இலையுதிர் காலத்திலும் மட்டுமே கூடுதலாகக் காணப்படும். வெப்ப வலய நாடுகளில் அப்படியொரு ஓய்வு காலம் கிடையாது. இங்கே ரோட்டா வைரஸ் ஆண்டு முழுவதும் பரவுகிறது, என்டெரோ வைரஸ்களும் அப்படியே, ஆர்.எஸ்.வி. பெரும்பாலும் மழையை ஒட்டிப் பெருகினாலும் மற்ற மாதங்களில் முற்றாக மறைந்துவிடுவதில்லை. நம்முடைய மாவட்டத்தில் ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றோடு வரும் மழையில், கதவு யன்னல்களைச் சாத்திக்கொண்டு முழுக் குடும்பமும் ஒரே அறையில் படுத்தெழும்புகிறது. மூச்சினால் பரவும் வைரஸ்களுக்கு அதைவிட வசதியான இடம் இல்லை. இவற்றுக்கு மேலாக, குளிர் நாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் காணாத டெங்கு, சிக்குன்குனியா போன்ற நுளம்பு வழி வைரஸ்களும் இங்குள்ள பிள்ளைகளின் பங்குக்கு வந்து சேருகின்றன.

காய்ச்சலாக வெளியே தெரிவது தொற்றுக்களில் ஒரு பகுதி மட்டுமே. சைட்டோமெகலோ வைரஸும் எப்ஸ்டைன் பார் வைரஸும் வசதி கூடிய நாடுகளில் பலருக்குப் பதின்ம வயதிலோ அதற்குப் பிறகோதான் தொற்றுகின்றன. நம்மைப் போன்ற நாடுகளில் அவை பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே, எந்த அறிகுறியும் காட்டாமல் தொற்றி அடங்கிவிடுகின்றன. பின்னாளில் தொற்றினால் கிழமைக்கணக்கில் படுக்க வைக்கக்கூடிய எப்ஸ்டைன் பார் வைரஸ், குழந்தைப் பருவத்தில் ஒரு நாள் சிணுங்கலோடு போய்விடுவதும் உண்டு.

ஆகவே எத்தனை தடவை வந்தது என்று எண்ணுவதைவிட, இடைப்பட்ட நாட்களில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கிளினிக்கில் தரப்பட்ட பதிவேட்டிலே நிறைக்கோடு ஒழுங்காக மேலே போகிறதா, காய்ச்சல் விட்டதும் பழையபடி விளையாடிப் பால் குடிக்கிறதா என்பவையே முதற்கேள்விகள். நிறை கூடாமல் நிற்பது, ஓராண்டுக்குள் இரண்டு தடவை நியூமோனியா வருவது, தோலுக்கு அடியிலோ உடம்புக்குள்ளோ திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி உண்டாவது, ஒரு வயதுக்குப் பிறகும் வாயில் வெண்படலம் விடாமல் இருப்பது, குடும்பத்தில் ஒரு குழந்தை தொற்றினால் இறந்திருப்பது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் எதிர்ப்புச் சக்தி பற்றிய பரிசோதனைக்கு இடமுண்டு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லாதபடியால், பிஞ்சுக் கையில் ஊசி குத்தி இரத்தம் எடுக்க அவசியமில்லை.

சாம்பல்தீவிலிருந்து ஒரு பாட்டி: என் பேத்திக்கு 40 நாள். நேற்று மாலை உடம்பு சுட்டது. நான் கோரோசனை உரைத்துத் தேனில் குழைத்துக் கொடுக்கலாம் என்றேன். மருமகள் கேளாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்விட்டாள். அவர்களும் மறித்து வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் நாங்கள் வீட்டிலேயே பார்த்தோம். இது அவ்வளவு அவசியமா?

பதில்: அவசியமே, அம்மா. உங்கள் மருமகள் செய்தது முற்றிலும் சரி. மேலே சொன்ன ஆறுதலெல்லாம் மூன்று மாதம் கடந்த பிள்ளைகளுக்கே பொருந்தும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வெப்பமானியில் 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காட்டினால், பிள்ளை பார்வைக்குச் சுகமாக இருந்தாலும், அது இரவோ பகலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நிலை. அந்த வயதிலும் பெரும்பாலான காய்ச்சல்களுக்கு வைரஸே காரணம். ஆனால் ஒரு சில பிள்ளைகளில் இரத்தத்திலோ சிறுநீரிலோ மூளையுறையிலோ பற்றீரியாத் தொற்று இருக்கும். இரண்டையும் வெளித்தோற்றத்தில் பிரித்தறிவது அனுபவமுள்ள வைத்தியருக்கும் முடியாத காரியம் என்பதால்தான் மறித்து வைத்துப் பரிசோதிக்கிறார்கள். இவ்வளவு சிறிய குழந்தைக்கு நோய் முற்றும்போது காய்ச்சலுக்குப் பதிலாக உடம்பு குளிர்ந்துபோவதும், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பதும்கூட நேரலாம். அவையும் உடனே போக வேண்டிய அறிகுறிகளே.

தேனை ஒரு வயது வரை நாவில் தடவவும் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு பற்றீரியாவின் வித்துக்கள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கக்கூடியவை. கோரோசனையும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் குழந்தையின் வாய்க்குள் போகத் தேவையில்லை. உங்கள் அனுபவத்துக்கு இந்த வீட்டில் வேறு பெரிய வேலை இருக்கிறது. தடிமனோடு பிள்ளை பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தும் உரிமை மருமகளுக்கு இல்லாவிட்டாலும் உங்களுக்கு உண்டு. அதைச் செய்யுங்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தந்தை: 2017 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எங்கள் ஊரில் டெங்கு எப்படிப் பரவியது என்பதை நாங்கள் மறக்கவில்லை. என் மகளுக்கு 7 மாதம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கும் டெங்கு வருமா? தாய்க்கு முன்னர் டெங்கு வந்திருந்தால் பிள்ளைக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறார்களே, உண்மையா?

பதில்: கைக்குழந்தைகளுக்கும் டெங்கு வரும். 2017 இல் நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்து, 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கிண்ணியா அந்தத் துயரத்தில் முன்கூட்டியே அகப்பட்ட ஊர். ஆகவே உங்கள் பயத்தை வீண் பயம் என்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியைத் தெரிந்துகொள்ளாவிட்டால் அந்த நம்பிக்கையே ஆபத்தாகிவிடும். டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. முன்னர் டெங்கு வந்த தாயின் எதிர்ப்புப் பொருட்கள் பிள்ளைக்குக் கிடைத்து, முதல் சில மாதங்களுக்கு அதைக் காக்கின்றன. அவை மாதாமாதம் குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் வைரஸை அழிப்பதற்குப் போதாத அளவில், ஆனால் வைரஸோடு ஒட்டிக்கொள்ளக்கூடிய அளவில் எஞ்சி நிற்கின்றன. அப்படி ஒட்டிய எதிர்ப்புப் பொருள், வைரஸ் குழந்தையின் இரத்தக் கலங்களுக்குள் இலகுவாக நுழைவதற்கு வழிசெய்து கொடுத்துவிடுகிறது. பெரியவர்களுக்கு இரண்டாம் தடவை வரும் டெங்கு எந்தக் காரணத்தால் கடுமையாகிறதோ, அதே காரணத்தால் சில கைக்குழந்தைகளுக்கு முதல் டெங்குவே கடுமையாகிறது. பாங்கொக் நகரக் குழந்தைகளில் செய்யப்பட்ட ஆய்வுகள் இதை வெளிக்கொணர்ந்தன. ஆறு மாதத்தை ஒட்டியும் அதற்குப் பின் ஒரு வயது வரையிலும் இந்த ஆபத்து கூடுதலாக இருப்பதால், 7 மாதமான உங்கள் மகள் கவனமாகப் பார்த்துக்கொள்ளப்பட வேண்டிய வயதிலேயே இருக்கிறாள்.

மழைக் காலத்திலும் அதற்குப் பின்வரும் சில கிழமைகளிலும், ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் முதல் நாளே வைத்தியரிடம் காட்டுங்கள். மூன்றாம் நாள் குருதிக்கல எண்ணிக்கை பார்க்கச் சொன்னால் தவறவிட வேண்டாம். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் கொடுக்கலாம். பிள்ளையின் நிறைக்கேற்ப ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேற்படாமல், குறைந்தது நான்கு மணித்தியாலம், கூடுமானால் ஆறு மணித்தியாலம் இடைவெளி விட்டு, நாளொன்றுக்கு நான்கு தடவைக்கு மேற்படாமல் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கும் இபுபுரொபன், மெபனமிக் அசிட், மலவாசலில் வைக்கும் டைக்குளோபினக் ஆகியவை காய்ச்சலை வேகமாக இறக்கினாலும், டெங்குவில் இரத்தப்போக்கை உண்டாக்கக்கூடியவை. அஸ்பிரின் எந்தக் காய்ச்சலிலும் பிள்ளைகளுக்கு ஆகாது. பப்பாசி இலைச் சாற்றைக் கைக்குழந்தைக்குப் பருக்குவதையும் செய்யாதீர்கள். கசப்பில் வரும் சத்தியால் பிள்ளை இருக்கும் நீரையும் இழந்துவிடும்.

டெங்குவில் உயிர் போவது பெரும்பாலும் காய்ச்சல் எரியும் நாட்களில் அல்ல. மூன்றாம், நான்காம் நாள் காய்ச்சல் இறங்கி வீட்டார் நிம்மதியாக மூச்சுவிடும் வேளையில்தான் இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. ஆகையால் காய்ச்சல் விட்ட பிள்ளை சிரித்து விளையாடினால் மகிழலாம். காய்ச்சல் விட்டும் சோர்ந்து கிடந்தால், கை கால் குளிர்ந்தால், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டால், விடாமல் சத்தி எடுத்தால் அல்லது தேற்ற முடியாமல் அழுதால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

டெங்கு நுளம்பு பகலில், அதிலும் காலையிலும் மாலையிலும் கூடுதலாகக் கடிக்கும். இரவில் வலை கட்டுகிற நம் வீடுகளில் பகல் தூக்கத்துக்குப் பிள்ளையை வெறுமனே கிடத்திவிடுகிறோம். பகலிலும் வலை வேண்டும். பீலியில் தேங்கிய நீரையும், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டையும், மூடாத சீமெந்துத் தொட்டியையும் கிழமைக்கொரு தடவை பார்த்துத் துப்புரவு செய்தால் முட்டை நுளம்பாவதற்கு முன்னரே அழித்துவிடலாம். இதே நுளம்பு பரப்பும் சிக்குன்குனியா 2006 இன் கடைசியில் கிழக்கிலும் பரவியதைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். பிரசவ நாட்களில் தாயின் இரத்தத்தில் அந்த வைரஸ் இருந்தால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதி. அதனால் நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் பகல் வலை தேவை.

மூதூரிலிருந்து ஒரு தாய்: 4 மாதமான என் மகனுக்குத் தடிமனாகத் தொடங்கி மூன்றாம் நாள் இழுப்பு வந்தது. வைத்தியர் அன்ரிபயோட்டிக் எழுதவில்லை; நெபுலைசரும் தேவையில்லை என்றார். வேறு வைத்தியரிடம் காட்டலாமா என்று யோசிக்கிறேன். இது ஆஸ்துமாவின் தொடக்கமா?

பதில்: நீங்கள் விவரித்திருப்பது மூச்சுச் சிறுகுழாய்களில் உண்டாகும் வைரஸ் அழற்சியைப் போல இருக்கிறது. வைத்தியர்கள் இதை பிரொங்கியோலைட்டிஸ் என்பார்கள். இதற்கு மிகப் பெரும்பான்மையாகக் காரணமாவது ஆர்.எஸ்.வி.; இரண்டு வயது முடிவதற்குள் ஏறத்தாழ ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தடவையாவது அதற்கு ஆளாகிறது. மூத்த பிள்ளைகளுக்கும் நமக்கும் அது வெறும் தடிமன். நான்கு மாதப் பிள்ளையின் சிறுகுழாயோ மிகவும் ஒடுங்கியது. அதில் சிறிதளவு வீக்கமும் சளியும் சேர்ந்தாலே காற்று போய்வரத் தடையாகிறது. 2019 ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி இந்த ஒரு வைரஸால் ஐந்து வயதுக்கு உட்பட்ட சுமார் ஒரு இலட்சம் பிள்ளைகள் உலகில் இறந்தனர். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்கள், ஏறத்தாழ எல்லோரும் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். பிள்ளைகளுக்குச் சாவைத் தருவது கிருமியின் வீரியம் மட்டுமல்ல, ஒட்சிசன் கிடைக்கும் இடத்துக்குப் போய்ச் சேர எடுக்கும் நேரமும்தான். வெருகல், ஈச்சிலம்பற்று போன்ற தூரத்து ஊர்க்காரர்கள் இதனாலேயே, இருட்டுவதற்கு முன்னர் முடிவெடுத்துப் புறப்பட வேண்டும்.

உங்கள் வைத்தியர் செய்தது சரி. அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அன்ரிபயோட்டிக் பற்றீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. தேவையில்லாமல் கொடுத்தால் வயிற்றோட்டத்தையும், பிற்காலத்தில் மருந்துக்கு மசியாத பற்றீரியாவையும்தான் வரவழைக்கும். நெபுலைசரில் கொடுக்கும் மருந்து ஆஸ்துமாவில் இறுகிய தசையைத் தளர்த்துவது. இங்கே தடையாக இருப்பது வீக்கமும் சளியும் என்பதால் அது பெரும்பாலும் பயன்படுவதில்லை. மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டுச் சளியை எடுப்பதும், பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுப்பதும்தான் வீட்டில் செய்யக்கூடியவை. கொதிநீரில் ஆவி பிடிக்க வைத்துப் பிள்ளைக்குச் சூடுபட்டுவிடும் ஆபத்து உண்டு, அதைச் செய்யாதீர்கள். இருமல் பாணிகளும் இந்த வயதுக்கு ஆகா. குளிக்க வார்த்தபின் சாம்பிராணிப் புகை காட்டுவது நம் வீடுகளில் அன்போடு செய்யப்படுகிற வழக்கம் என்பதை அறிவேன். இருந்தாலும், அந்தப் புகையும், நுளம்புத்திரிப் புகையும், வீட்டு ஆண்களின் சிகரெட் புகையும் இந்தச் சிறுகுழாய்களை மேலும் புண்ணாக்குகின்றன என்பதால் பிள்ளை இருக்கும் வீட்டில் அவை வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

இந்நோய் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை கூடி, பிறகு மெல்லத் தணியும். இருமல் மூன்று கிழமை வரைக்கும் இழுபடலாம். அந்த நாட்களில் பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையில் 60உம், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50உம், அல்லது அவற்றுக்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு. விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உட்குழிவது, மூச்செடுக்கும்போது முனகுவது, வழமையாகக் குடிக்கும் பாலில் பாதிகூடக் குடிக்க முடியாமல் களைப்பது, உதடு நீலம்பாரிப்பது ஆகியவை வைத்தியசாலைக்கு உடனே போகச் சொல்லும் அடையாளங்கள். ஆஸ்துமாவா என்பதை ஓர் இழுப்பைக் கொண்டு இந்த வயதில் எவரும் சொல்லிவிட முடியாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது அதோடு முடிந்துவிடும். கர்ப்பிணித் தாய்க்கு ஏற்றும் ஆர்.எஸ்.வி. தடுப்பூசியும், பிறந்த குழந்தைக்கே ஏற்றும் எதிர்ப்புப் பொருள் மருந்தும் 2023 முதல் சில நாடுகளில் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. உலக சுகாதார நிறுவனமும் அவற்றைப் பரிந்துரைத்திருக்கிறது. அதிகம் தேவைப்படும் நம்மைப் போன்ற நாடுகளின் பிள்ளைகளுக்கு அவை விரைவில் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நிலாவெளியிலிருந்து ஒரு தாய்: 10 மாதமான மகளுக்குச் சத்தியும் தண்ணீராக வயிற்றோட்டமும். பாலை நிறுத்தி இளநீர் மட்டும் கொடுக்கும்படி வீட்டில் சொல்கிறார்கள். கிணற்று நீரைக் கொதிக்க வைத்துத்தான் பாவிக்கிறோம். பிறகு எப்படி வந்தது?

பதில்: சத்தியில் தொடங்கிப் பின்னர் தண்ணீராகப் போகும் வயிற்றோட்டத்துக்கு இந்த வயதில் ரோட்டா வைரஸ் முக்கியமான காரணம். 1973 இல் மெல்பேர்ணில் ரூத் பிஷப்பும் அவருடன் பணியாற்றியவர்களும் அதைக் குழந்தைகளின் குடலில் கண்டறிந்தார்கள். வெப்ப வலய நாடுகளில் பல பிள்ளைகளுக்கு முதல் வயது முடிவதற்குள்ளேயே அது தொற்றிவிடுகிறது. நீரைக் கொதிக்க வைப்பது நல்ல பழக்கம், அதை விட வேண்டாம். ஆனால் இந்த வைரஸ் பிள்ளையின் மலத்தில் மிகப் பெருந்தொகையாக வெளியேறி, கையிலும் விளையாட்டுச் சாமானிலும் தங்கியிருந்து பரவுவதால் நீர் மட்டும் சுத்தமாக இருந்தால் போதாது. பிள்ளையைக் கழுவிய ஒவ்வொரு தடவையும் கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். நோயால் புண்பட்ட குடலை ஆற்றும் உணவு அது. இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூளான ஜீவனியைப் பொதியில் எழுதியிருக்கும் அளவு நீரில், முழுப் பொதியையும் ஒரே தடவையில் கரைத்து, ஒவ்வொரு தடவை வயிற்றால் போன பின்னரும் 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை கரண்டியால் பருக்குங்கள். பாதிப் பொதியைக் கண்ணளவில் கரைப்பது ஆபத்தானது. உப்புக் கூடினாலும் குறைந்தாலும் பிள்ளைக்குத் தீங்கு. சத்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மீண்டும் மெதுவாகக் கொடுக்கலாம். கரைத்து 24 மணித்தியாலம் கடந்ததை ஊற்றிவிடுங்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, ஆனால் வயிற்றோட்டத்தில் இழக்கும் சோடியம் அதில் மிகக் குறைவு. ஆகவே அது ஜீவனிக்கு ஈடாகாது. சோற்றுக்கஞ்சி, பிசைந்த வாழைப்பழம் என்று வழமையான உணவையும் தொடருங்கள். வைத்தியர் நாகச்சத்து, அதாவது சிங்க், எழுதித் தந்தால் வயிற்றோட்டம் நின்ற பிறகும் அவர் சொன்ன 10 முதல் 14 நாள் வரை கொடுத்து முடிக்க வேண்டும். வயிற்றோட்டத்தை அடைக்கும் குளிசைகள் கைக்குழந்தைக்கு நஞ்சுக்குச் சமம். கண் குழிவிழுதல், கண்ணீர் வராமல் அழுதல், மலத்தில் இரத்தம், எதைக் கொடுத்தாலும் சத்தி என்றால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு தந்தை: 9 மாத மகனுக்கு மூன்று நாள் 39 பாகைக் காய்ச்சல். நான்காம் நாள் காய்ச்சல் விட்டு நெஞ்சிலும் முதுகிலும் சிவந்த தடிப்புக்கள். பல் முளைப்பதால் வந்த காய்ச்சல் என்கிறார்கள்.

பதில்: பல் முளைக்கும்போது பிள்ளை சிணுங்கும், எச்சில் வடிக்கும், 39 பாகைக் காய்ச்சல் வராது. இது ரோசியோலா எனப்படும், மனித ஹெர்பீஸ் வைரஸின் ஆறாம் வகையால் வரும் தொற்றாக இருக்கக்கூடும். அது இரண்டு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வந்துபோகும். தடிப்பு தானாக மறையும். ஆனாலும் காய்ச்சல் விடுவதும் தடிப்பு வருவதும் டெங்குவிலும் உண்டு என்பதால், நம் ஊரில் இதை ஒரு வைத்தியர் பார்த்தே சொல்ல வேண்டும். பிள்ளை உற்சாகமாக இருப்பது நல்ல அடையாளம். கிண்ணியா வாசகருக்குச் சொன்ன அறிகுறிகளையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

லிங்கநகரிலிருந்து ஒரு கர்ப்பிணித் தாய்: எனக்கு இன்னும் இரண்டு கிழமையில் பிரசவம். வீட்டில் கணவரின் தம்பிக்கு அம்மாள் வருத்தம் கண்டிருக்கிறது. எனக்கு இதுவரை வந்ததில்லை. அம்மாள் வந்த வீட்டில் மருந்து எடுக்கக் கூடாது என்கிறார்கள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஆபத்து உண்டா?

பதில்: இந்தக் கடிதத்துக்குத் தபாலிலேயே உடனடியாகப் பதில் அனுப்பிவிட்டோம். இதே நிலையில் வேறு தாய்மாரும் இருக்கலாம் என்பதால் இங்கும் எழுதுகிறேன். குளிர் நாடுகளில் தடுப்பூசி வருவதற்கு முன்னர் அம்மாள் நோய், அதாவது சிக்கன்பொக்ஸ் எனப்படும் கொப்புளிப்பான், பெரும்பாலும் பத்து வயதுக்குள் வந்து முடிந்துவிடும். வெப்ப வலய நாடுகளில் அது பிந்தியே தொற்றுவதால், அது வராமலே பிள்ளை பெறும் வயதை அடைந்த பெண்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்னரிலிருந்து இரண்டு நாள் பின்னர் வரைக்குள் தாய்க்குக் கொப்புளம் தோன்றினால், அவளுடைய உடல் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கிப் பிள்ளைக்கு அனுப்ப நேரமிருக்காது. வைரஸ் மட்டும் போய்விடும். அந்தச் சிசுவுக்கு நோய் உயிராபத்தாகக்கூடும்.

நோயாளியோடு பழகிய பத்து நாட்களுக்குள் தாய்க்கு ஏற்றக்கூடிய பாதுகாப்பு ஊசி உண்டு. கொப்புளம் கண்டுவிட்டால் முதல் 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கும் அசைக்குளோவிர் மருந்து பலன் தரும். ஆகவே உங்கள் குடும்பநல உத்தியோகத்தருக்கோ பிரசவ கிளினிக்குக்கோ இன்றே தொலைபேசியில் அறிவியுங்கள்; நேரே போய் மற்றக் கர்ப்பிணிகளோடு வரிசையில் இருக்க வேண்டாம். வாசலில் வேப்பிலை கட்டுவதும் அம்மனுக்கு நேர்வதும் உங்கள் நம்பிக்கை. அவற்றால் எவருக்கும் தீங்கு இல்லை. மருந்து எடுக்கக் கூடாது என்ற விலக்கை மட்டும், பிள்ளையின் பொருட்டு, வீட்டுப் பெரியவர்கள் தளர்த்திக் கொடுக்க வேண்டும். கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்கு ஆகும் வரை கணவரின் தம்பி வேறு வீட்டில் தங்கட்டும், அல்லது நீங்கள் தாய் வீட்டுக்குப் போகலாம். ஆயினும் நோய் வெளித்தெரிவதற்கு இரண்டு நாள் முன்னரே அது பரவத் தொடங்கிவிடுவதால், இடம் மாறியதை மட்டும் நம்பியிராமல் கிளினிக்குக்கும் சொல்லியாக வேண்டும்.

கந்தளாயிலிருந்து ஒரு தாய்: 9 மாத ஊசிக்குப் போகும் நாளில் பிள்ளைக்குத் தடிமன். பிற்போடலாமா?

பதில்: இலேசான தடிமனுக்காகப் பிற்போட வேண்டாம்; காய்ச்சல் கடுமையாக இருந்தால் மட்டும் கிளினிக்கில் கேட்டுச் சில நாள் தள்ளலாம். 9 மாதத்தில் போடப்படுவது சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்று வைரஸ்களுக்கும் எதிரான ஊசி. 2011 இல் சின்னமுத்துக்கு எதிரான ஊசியை ஒரு வயதுக்குத் தள்ளியிருந்தார்கள். 2013 இலும் 2014 இலும் நாட்டில் சின்னமுத்து பரவியபோது ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெருமளவில் பாதிக்கப்பட்டதால், 2015 இல் மீண்டும் 9 மாதத்துக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று மாதத் தாமதம் என்ன செய்யும் என்பதை நாடே கண்ட அனுபவம் அது. 2019 இல் சின்னமுத்து ஒழிக்கப்பட்ட நாடாக இலங்கை சான்று பெற்ற பிறகும் 2023 இல் அது திரும்பத் தலைகாட்டியது. போகும்போது பதிவேட்டையும் கொண்டுபோய், தடிமன் இருப்பதைச் சொல்லி, அன்றைக்கே போடச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த ஊசி ஒரு வயதில், ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு எதிரானது. திகதியை அங்கேயே குறித்துக்கொண்டு வாருங்கள்.